இருபத்துமூன்று கம்பிகளின் சடை

திருப்பூரில், பனியன் கம்பெனிகளின் சங்குகள் காலை எட்டரைக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஊதும் ஒரு பகுதியில், ஆறு வீடுகளுக்கு ஒரே கூரையும் ஒரே தண்ணீர்க் குழாயும் இருந்த லைன் வீட்டின் நான்காம் வாசலில், வஞ்சிக்கொடி என்ற பெண் கணினிக் கம்பிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கம்பிக்கு எதற்கு உறை என்று குழாயடியில் கேட்டவர்களுக்கு முதலில் பொறுமையாகச் சொன்னாள், பிறகு பொறுமையில்லாமல் சொன்னாள், பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். விஷயம் இவ்வளவுதான்: சிலர் கணினியைக் கடையில் இருப்பதுபோலவே வாங்காமல் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துக் கட்டச் சொல்கிறார்கள், அதன் பெட்டிக்கு ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர் வைக்கச் சொல்கிறார்கள், கண்ணாடி வைத்த பிறகு, பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மஞ்சளும் சிவப்புமான கம்பிகள் கலைந்து கிடப்பது கண்ணை உறுத்துகிறது. அதனால் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாகக் கழற்றி, அதற்கு மெல்லிய பின்னல் உறை மாட்டி, இரண்டு முனைகளிலும் சூடு காட்டி இறுக்கி, ஒரு கம்பி இன்னொரு கம்பியின் மேல் ஏறாமல், நோட்டுப் புத்தகக் கோடுகளைப்போல ஓடச்செய்ய ஆள் தேடுகிறார்கள். அந்த ஆள்தான் வஞ்சிக்கொடி.

உறையை அவள் வெளியூரிலிருந்து வரவழைக்கவில்லை. குளிர்நாட்டுப் பிள்ளைகள் போடும் தொப்பி வைத்த பனியனுக்குக் கழுத்தில் கட்டும் நாடாவைப் பின்னுகிற மெஷினை அவள் கணவன் துரைசாமி ஓட்டினான். அந்த நாடாவின் நடுவிலிருக்கும் நூலை உருவி எறிந்துவிட்டால் உள்ளே கம்பி போகுமளவு வெற்றிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவள் அவள்.

அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் நின்றுகொண்டே வேலை பார்த்திருந்தாள். தைத்து வந்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை டிரிம்மர் என்கிற சின்னக் கத்தரியால் நறுக்குவது, அடுத்ததை எடுப்பது, நறுக்குவது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் நறுக்கு என்று அவள் எண்ணியதில்லை. அவளுடைய கட்டைவிரல் எண்ணியிருந்தது, அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இனிமேல் பிசிறு வெட்ட மாட்டேன் என்று ஒரு நாள் வெளியே வந்தபோது அந்த டிரிம்மரை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் சென்னியப்பன் நல்ல மனிதர், ஆனால் விடாத மனிதர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணிக்கு அழைப்பார். "என்னங்கம்மணி, உங்க எடத்துல இன்னும் ஆளப் போடுல. எப்ப வர்றீங்க?"

இந்த நிலைமையில்தான் கோயம்புத்தூரில் கணினி கட்டிக்கொடுக்கும் நவநீதன் ஒரு வேலையைக் கொடுத்தான். சனி, ஞாயிறு இரண்டு நாள் கண்காட்சி. அதில் அவன் வைக்கப்போகும் கணினிக்குக் கன்னங்கரேலென்று ஒரு முழுச் செட்டு. "அது சரியா அமைஞ்சா இனி என் கடை வேலை பூராம் உங்களுக்குத்தான்கா. அமையலன்னா நான் வெளிநாட்டு ரெடிமேடுக்குப் போயிருவேன், தப்பா நெனைக்காதீங்க," என்றான். தப்பாக நினைக்க எதுவுமில்லை. அமைந்தால் உட்கார்ந்து செய்யும் வேலை. அமையாவிட்டால் திங்கட்கிழமை பத்து மணி.

திங்கட்கிழமை மாலைக்குள் செட்டு முழுவதையும் முடித்துவிட்டாள். அதில் முக்கியமானது போர்டுக்குப் போகும் பெரிய கேபிள். அதன் முனைக்கட்டையில் இருபத்துநான்கு ஓட்டைகள். அவற்றில் ஒன்று எப்போதும் காலி. ஆகவே கம்பிகள் இருபத்துமூன்று. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. இரண்டு முறை அளந்து, நாற்காலிமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த இருபத்துமூன்று கம்பிகளும் நான்கு விரற்கடை வளர்ந்திருந்தன.

உறை மட்டும் நெகிழ்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை, உள்ளேயிருந்த செம்பும் சேர்ந்தே வளர்ந்திருந்தது. நான்தான் தப்பாக அளந்துவிட்டேன் என்று, இதுவரை ஒரு முறைகூடத் தப்பாக அளக்காதவள், தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டு, முனைகளைக் கழற்றினாள், வெட்டினாள், அளந்தாள், மறுபடி மாட்டினாள். புதன்கிழமை காலையில் மறுபடியும் நான்கு விரற்கடை. செட்டில் இருந்த மற்ற மூன்று சிறிய கேபிள்களும் பக்கத்திலேயே சாதுவாகக் கிடந்தன. பெரியதற்கு மட்டும்தான் இந்தக் கொழுப்பு.

"நாடாவுல ஒண்ணுமில்ல புள்ள," என்றான் துரைசாமி. "அதே பாபின், அதே நூலு. அந்த நாடா போட்ட பனியன் எதுவும் வளந்ததாத் தாக்கல் தகவல் இல்ல." சொல்லிவிட்டு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.

வெளிச்சத்தில் அளக்கலாம் என்று கேபிளைக் குழாயடிக்குக் கொண்டுவந்தது அவள் செய்த பிசகு. மூன்றாம் வீட்டு வேலாத்தாள் அப்போதுதான் ஹாஸ்டல் பெண்களுக்குக் காலைச் சமையல் முடித்துத் திரும்பியிருந்தாள். குடத்தை வைத்துவிட்டுக் கேபிளைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழாக ஒரு தடவு தடவினாள்.

"நேத்தைக்கு இவ்வளவு இல்லையே?"

"இல்லீங்க்கா. ராத்திரியோட நாலு வெரக்கட வளந்துருச்சு."

உலகத்தில் வேறு எந்த ஊரிலும், கம்பி எப்படி வளரும் என்று யாராவது கேட்டிருப்பார்கள். வேலாத்தாள், "நல்ல அடர்த்தி. என்ன எண்ணெய் வெக்கிறே?" என்று கேட்டாள்.

"எண்ணெயா? இது கரண்டுக் கம்பிங்க்கா!"

"கரண்டுக் கம்பின்னா காஞ்சு போயே கெடக்கோணுமா?"

ஐந்தாம் வீட்டுத் தையல்காரி ஷகிலா பானு பல்துலக்கிக்கொண்டே வந்து பார்த்தாள், நுரையைத் துப்பிவிட்டு இன்னும் நெருங்கிப் பார்த்தாள். "அல்லா, எனக்கு நாலு மாசத்துல நாலு முடிதான் வளருது. இதுக்கு நாலு வெரக்கடயா?" என்று தன் எலிவால் சடையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அரைமணி நேரத்தில் ஆறு வீடும் வந்து பார்த்தது. செம்பருத்தி இலை அரைத்துப் பூசலாமா, வெந்தயம் குளிர்ச்சி அல்லவா, சூடுபட்டால் நுனி வெடிக்குமே, முனையில் எதற்கு இவள் நெருப்புக் காட்டுகிறாள் என்று பேச்சு எங்கெங்கோ போனதே தவிர, எப்படி வளர்கிறது என்ற இடத்துக்கு மட்டும் வரவேயில்லை. வஞ்சிக்கொடி கேபிளைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கழற்றினாள், வெட்டினாள், அளந்தாள், மாட்டினாள்.

அன்று மதியம் முனைகளில் போடும், சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் வாங்க அவள் கடைவீதிக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில், யாரோ கேபிள் முழுவதற்கும் தேங்காயெண்ணெய் தடவி, நான்கு முழம் மல்லிகையும் சுற்றி வைத்திருந்தார்கள். அதைத் துடைத்து எடுக்க அவளுக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

"யாருங்க்கா இந்த வேலையப் பாத்தது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் வேலாத்தாள். அவள் உள்ளங்கை பளபளத்தது.

வியாழக்கிழமை காலையில் மறுபடி நான்கு விரற்கடை. அன்று வெட்டி விழுந்த துண்டுகளை ஷகிலா பானு கேட்காமலேயே பொறுக்கிக்கொண்டு போனாள். மூன்று நாள் துண்டுகளையும் சேர்த்துக் கட்டி, வரும் வாரம் கொழுந்தன் கல்யாணத்துக்குச் சவுரியாக வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அதற்குள் செம்பு இருக்கிறது, கனக்கும் என்று வஞ்சிக்கொடி எச்சரித்தபோது, "கனக்கட்டும்கா. தலையில எனக்குக் கனமா ஏதாச்சும் இருந்து எத்தனை வருசமாச்சு," என்றாள். வெட்டியது வளரவில்லை என்பதையும் அவள்தான் கவனித்துச் சொன்னாள். முனைக்கட்டையில் மாட்டியிருந்தால்தான் வளர்ச்சி.

வஞ்சிக்கொடிக்கு இப்போது கட்டைவிரல் வலித்தது. பழைய பள்ளத்திலேயே வலித்தது. எந்த வேலை வேண்டாம் என்று வந்தாளோ அதே வேலை, அதே டிரிம்மர், ஒரு நாளைக்கு இருபத்துமூன்று நறுக்கு. கம்பெனியிலாவது ஒரு முறை வெட்டிய பிசிறு மறுநாள் வந்து நிற்காது.

ஆனாலும் அவள் கணக்காக யோசிக்கிறவள். தினமும் நான்கு விரற்கடை, கூடவும் இல்லை குறையவும் இல்லை. அப்படியானால் வெள்ளிக்கிழமை மாலை நான்கு விரற்கடை குறைவாக வெட்டிக் கொடுத்துவிட்டால், சனிக்கிழமை காலையில் சரியாக ஒன்றரை அடி இருக்கும். ஞாயிற்றுக்கிழமையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த முடிவோடு வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இடுப்பில் கையை வைத்தாள். டிரிம்மர் இல்லை. பெட்டியில் இல்லை, ஜன்னலில் இல்லை. சமையலறைக் கத்தி, துரைசாமியின் சவரப் பிளேடு, ஷகிலாவின் தையல் கத்தரி, லைன் வீட்டில் கூராக இருந்த எதுவும் இல்லை. வெளியே வந்தாள். ஐந்து வாசல்களிலும் ஐந்து பெண்கள் நின்றிருந்தார்கள்.

"டிரிம்மர் எங்கீங்க்கா?"

"இன்னிக்கு வெள்ளிக்கெழம," என்றாள் வேலாத்தாள்.

"அதுக்கு?"

"வெள்ளிக்கெழம முடி வெட்டுவாங்களா? செவ்வாக்கெழம வெட்டிப் போட்டியாம், எங்களுக்குத் தெரியாமப் போச்சு. தெரிஞ்சே எப்படி உடறது?"

"அது முடியில்லீங்க்கா!"

"வளருதுல்ல?"

வஞ்சிக்கொடி வாசலுக்கு வாசல் போனாள். கெஞ்சினாள். நாலு மணிக்கு நவநீதன் வந்துவிடுவான் என்றாள். இது அமையாவிட்டால் மறுபடி செக்கிங்கில் பதினோரு மணி நேரம் நிற்கவேண்டும் என்று, இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் மூன்று பேர் தினமும் பதினோரு மணி நேரம் நிற்பவர்கள்தான், அன்றைக்கு இதற்காகவே அரைநாள் லீவு போட்டிருந்தார்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்.

"கெரகம் புடிச்ச கம்பி!" என்று கேபிளைத் தூக்கித் தரையில் போட்டுவிட்டு அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

சரியாக நாலு மணிக்கு நவநீதன் காரில் வந்து இறங்கி, கொண்டுவந்த கணினியை இறக்கிவைத்து, கேபிளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தான். நடுவில் அது பன்றிக்குட்டியின் வயிறுபோலப் பிதுங்கிக் கண்ணாடியில் இடித்தது.

"அக்கா, என்னக்கா இது? நீளம் நான் தெளிவா எழுதிக் குடுத்தனே! வெட்டிக் குடுங்கக்கா, அஞ்சு நிமிஷ வேலை."

"வெட்டக்கூடாதாம்."

"யாரு சொன்னது?"

ஐந்து பெண்களும் அவனைப் பார்த்தார்கள். அவனுக்கும் வீட்டில் அம்மா இருந்தாள். "ஓ, வெள்ளிக்கிழமையா," என்று தலையைச் சொறிந்துகொண்டு, காரில் சாய்ந்து நின்றான்.

அப்போது ஷகிலா பானுவின் மகள் மாலை டியூஷனுக்குத் தயாராக வந்து நிற்க, வேலாத்தாள், இருந்த சண்டையிலும் கை சும்மா இருக்க மாட்டாமல், அவள் தலையை விரித்துச் சீவிப் பின்ன ஆரம்பித்தாள். விரித்தபோது இடுப்பைத் தாண்டிக் கிடந்த முடி பின்னி முடித்ததும் இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது. வஞ்சிக்கொடி அதைப் பார்த்தாள். எழுந்து போய் இஞ்சு டேப்பை எடுத்துவந்து, அந்தப் பெண்ணைத் திருப்பி நிறுத்தி, சடையை அளந்தாள்.

"அவுத்துடுங்க்கா."

"இப்பத்தானே பின்னுனேன்?"

"அவுத்துட்டு மறுபடி பின்னுங்க, இன்னும் கொஞ்சம் இறுக்கி. நான் அளக்கோணும்."

அந்தச் சிறுமி மூன்று முறை பின்னப்பட்டு, டியூஷனுக்குக் கால்மணி நேரம் தாமதமானாள். தளர்த்திப் பின்னினால் ஏழில் ஒரு பங்கு நீளத்தைச் சடை தின்கிறது. இறுக்கினால் மூன்றில் ஒரு பங்கைத் தின்கிறது. வெட்டவே வேண்டாம், வளர்ந்ததைப் பின்னல் தின்றுகொள்ளும்.

கம்பியோடு கம்பி குறுக்கே போகக்கூடாது என்பது அவளுடைய தொழிலின் முதல் விதி. அந்த விதியை அவள் ஒரு பெருமூச்சில் விட்டாள். ஆனால் பின்னுவதற்கு ஒரு முனையிலிருந்து எல்லாக் கம்பிகளையும் கழற்றவேண்டும், பின்னிய பிறகு ஒவ்வொன்றையும் அதனதன் ஓட்டையில் செருகவேண்டும், ஒரு கம்பி ஓட்டை மாறினால் போர்டு கருகிவிடும். இருபத்துமூன்று துண்டுக் காகிதங்களில் எண் எழுதி, ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் கட்டினாள். ஹேர்பின்னை நிமிர்த்தி, அதைக் கொண்டே ஒவ்வொரு முனையாக நெம்பிக் கழற்றினாள்.

"வெளக்கு வெக்கறதுக்குள்ள முடிக்கோணும்," என்றாள் வேலாத்தாள், சப்பணமிட்டு உட்கார்ந்து. "பொழுது போனா தலையில கை வெக்க மாட்டேன்." பிறகு கம்பிகளை மூன்று காலாகப் பிரித்தவள் முகத்தைச் சுளித்தாள். "எட்டு, எட்டு, ஏழு. ஒரு கால் மெலிசா நிக்குதே கண்ணு. இப்படிப் பின்னுனா சடை கோணிக்கும்."

"அந்த ஓட்டை காலிங்க்கா. அதுக்குக் கம்பி கெடையாது."

"கம்பி இல்லாட்டிப் போகுது. வெறும் நாடாவக் குடு."

இருபத்துநான்காவதாக, உள்ளே செம்பு இல்லாத வெறும் நாடா சேர்ந்தது. வேலாத்தாள் பின்னினாள், வஞ்சிக்கொடி எண்களைச் சத்தமாகப் படித்தபடியே கூடவே வந்தாள், நவநீதன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா பதினாறாவது ஓட்டை பச்சைக் கம்பிக்குத்தானே? சரியாப் பாத்தீங்களா?" என்று பத்து முறை கேட்டு, பத்தாவது முறை வேலாத்தாளிடம் திட்டு வாங்கினான். ஆறாவது வீட்டில் விளக்கு ஏற்றும்போது கடைசிக் கம்பி கடைசி ஓட்டையில் சொடுக்கென்று உட்கார்ந்தது. கணினியை இயக்கினார்கள். மின்விசிறிகள் சுழன்றன. கண்ணாடிக்குப் பின்னால், ஒன்றரை அடியில், ஒரு கருஞ்சடை அசையாமல் கிடந்தது.

சனிக்கிழமை அதிகாலை முதல் பஸ்ஸில் வஞ்சிக்கொடியும் வேலாத்தாளும் கோயம்புத்தூருக்குப் போனார்கள். ஹாஸ்டல் பெண்களுக்கு இரண்டு நாள் சமைக்கும் பொறுப்பை ஷகிலா ஏற்றுக்கொண்டாள். கண்காட்சிக் கூடத்தில், கதவு திறப்பதற்கு முன், சடையை அவிழ்த்து, நான்கு விரற்கடை வளர்ச்சியைச் சேர்த்து இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பின்னி, எண் பார்த்து மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை இன்னும் இறுக்கம். வெறும் நாடா மட்டும் வளராததால் அதற்குத் தினமும் ஒரு துண்டு ஒட்டுப் போட வேண்டியிருந்தது.

மற்ற கடைக்காரர்களின் கணினிகளில் விளக்குகள் ஏழு நிறத்தில் ஓடின; ஆனால் கூட்டம் இங்கேதான் நின்றது. கோயம்புத்தூராவது ஆச்சரியப்படும் என்று வஞ்சிக்கொடி உள்ளூர எதிர்பார்த்திருந்தாள். இருபத்துமூன்று கம்பிகளை ஒன்றுகூட மாறாமல் சடைக்குள் கொண்டுபோய் வெளியே எடுத்திருப்பதை யாராவது ஒருவர், கண்ணாடி போட்ட யாராவது ஒருவர், குனிந்து பார்த்துச் சொல்வார் என்று நினைத்தாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். "தினமும் வளருதாமே?" என்றார்கள். "ஆமாங்க." "என்ன எண்ணெய் போடறீங்க?"

சனிக்கிழமை முழுவதும், "எண்ணெய் போடறதில்லீங்க," என்று சொன்னாள். ஞாயிறு மதியம்வரை சொன்னாள். மூன்று மணிக்கு, கல்லூரியில் கணினி கற்பிக்கும் ஒரு பேராசிரியர், சட்டைப்பையில் நான்கு பேனாக்களோடு, நெடுநேரம் குனிந்து பார்த்து நிமிர்ந்து, "ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றார். அவள் முகம் மலர்ந்தது. "என் மகளுக்கு முடி ரொம்பக் கொட்டுது," என்றார் அவர்.

"தேங்காயெண்ணெய்ங்க," என்றாள் வஞ்சிக்கொடி. "காய்ச்சி வெக்கச் சொல்லுங்க."

பின்னால் வேலாத்தாள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று மாலை நவநீதன் சொன்னான்: "ஒருத்தர்கூட இது என்ன வேகம்னு கேக்கலக்கா. அந்தப் பிராசசருக்கு நான் ரெண்டு மாசம் காத்திருந்தேன், தெரியுமா?" பிறகு தலையைச் சொறிந்தான். "சரி, இனி என் கடை வேலை பூராம் உங்களுக்குத்தான். ஆனா எல்லாரும் வளர்றதுதான் கேக்கறாங்க."

"வளர்றது எங்கையில இல்ல தம்பி. நேரா ஓடறதுதான் எங்கையில இருக்குது."

அவள் சொன்னதுபோலவே, அதற்குப் பிறகு அவள் செய்த எந்தக் கேபிளும் நகக்கண் அளவுகூட வளரவில்லை. ஒவ்வொன்றும் கோடு கிழித்ததுபோல நேராக, மில்லிமீட்டர் பிசகாமல் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேர்ந்த மறுவாரம் நவநீதனின் கடைக்கு அழைப்பு வந்தது. எட்டு நாளாச்சுங்க, வளரவேயில்லையே; நல்ல கம்பிதானா; எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ. நவநீதன் அந்த அழைப்புகளை அவளிடம் தள்ளிவிட்டான், அவள் அவற்றை வேலாத்தாளிடம் தள்ளிவிட்டாள், வேலாத்தாள் செம்பருத்தியும் வெந்தயமும் கைப்பக்குவமும் சொல்லி, பொறுமையாக இருக்கும்படி ஆறுதலும் சொன்னாள்.

முதல் கேபிள் நவநீதனின் கடையிலேயே இருந்தது. பின்னல் இனிமேல் தின்ன முடியாத அளவுக்கு வளர்ந்தபோது பெட்டியின் பின்பக்கம் ஒரு ஓட்டை போட்டார்கள். சடை அதன் வழியே வெளியே வந்து, மேஜையிலிருந்து இறங்கி, மறுபடி ஏறி உள்ளே போர்டுக்குப் போனது. வெட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு வஞ்சிக்கொடி பதினேழாவது கம்பிக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"என்னங்கம்மணி," என்றார் சென்னியப்பன், "பெரிய ஆர்டர் வந்துருக்குது. பிசிறு மலையாக் குமிஞ்சு கெடக்குது. அந்த டிரிம்மரத் தூக்கிட்டு வந்துருங்க."

"டிரிம்மர் வேலாத்தாக்கா ஊட்டு அரிசி டப்பாவுக்குள்ள கெடக்குதுங்க சார்."

"கையை உட்டு எடுத்துக்க வேண்டியதுதானே?"

"எடுக்கக்கூடாதுங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழம."

மறுமுனையில் சென்னியப்பன் மெஷின்களின் இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"அம்மணி, இன்னிக்குத் திங்கக்கெழம!"

"எனக்கு வெள்ளிக்கெழமதானுங்க சார்," என்று போனை வைத்துவிட்டு, அவள் பதினெட்டாவது கம்பியை எடுத்தாள்.